சதுப்புக்குப் புகழ், குளத்துக்கு உழைப்பு: ஆர்கேட்டா நகரின் கழிவுநீர்க் கதை

கலிபோர்னியாவின் வடகோடியில், சான்பிரான்சிஸ்கோவுக்கு ஏறத்தாழ 450 கிலோமீட்டர் வடக்கே, ஹம்போல்ட் விரிகுடாவின் கரையில் இருக்கிறது ஆர்கேட்டா. மக்கள்தொகை 18,000 அளவில்தான். நம் ஊர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி. மரம் அறுக்கும் ஆலைகளையும் ஒரு பல்கலைக்கழகத்தையும் நம்பிப் பிழைத்துவந்த ஊர். வெளியூர்க்காரர்கள் இங்கே தேடி வந்து பார்க்கும் இடங்களில் முதன்மையானது நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு வளாகம். அதை ஒட்டி 307 ஏக்கரில் சதுப்புநிலச் சரணாலயம் ஒன்று பரந்திருக்கிறது. இதுவரை 300க்கு மேற்பட்ட பறவையினங்களை அங்கே கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பவர்களுக்கு ஒரு பக்கம் சாக்கடை நீர்க் குளங்கள், இன்னொரு பக்கம் புல் மூடிய பழைய குப்பைமேடு.

இயற்கை வழியில் கழிவுநீரைச் சுத்திகரிப்பது பற்றி எந்த நாட்டில் கருத்தரங்கு நடந்தாலும் ஆர்கேட்டாவின் படம் திரையில் வந்துவிடும். நாணலும் கோரையும் சாக்கடையைத் தூய்மையாக்கிவிட்டன, கோடிக்கணக்கில் செலவழித்து இயந்திரம் வைக்க வேண்டியதில்லை என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் இந்த ஊரிடம் கற்றுக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. சாக்கடையின் பெரும்பங்கு அழுக்கை நீக்குவது அழகான சதுப்பு இல்லை; அதற்கு முன்னால் உள்ள, யாரும் படம் எடுக்காத பச்சைக் குளங்கள். அந்தக் குளங்களை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கித் தந்தவை பொறுமையாகச் சேகரித்த அளவீடுகளும், அரசின் ஆணையிலேயே இருந்த ஒரு விதிவிலக்கும்.

விரிகுடாவுக்கு அடியில் ஒரு குழாய்

இந்தக் கரை வியோட் பழங்குடி மக்களின் நிலம். 1850இல் குடியேறிகள் ஊரை நிறுவிய பிறகு, விரிகுடாவைச் சுற்றியிருந்த உவர்ச் சதுப்புகளில் பெரும்பகுதி மண்கரை போட்டு அடைக்கப்பட்டு மேய்ச்சல் நிலமானது. மரம் ஏற்றுமதிக்காக நீண்ட படகுத்துறையும் ரயில் பாதையும் வந்தன. 1949 வரை ஊரின் கழிவு எந்தச் சுத்திகரிப்பும் இன்றி விரிகுடாவில் கலந்தது. அந்த ஆண்டில் முதல் நிலையம் கட்டினார்கள். திடக்கழிவைப் படியவைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். 1957இல் சுமார் 55 ஏக்கர் பரப்பில், கழிவுநீரைத் தேக்கிப் பாசியும் பாக்டீரியாவும் தெளியவைக்கும் ஆக்சிஜனேற்றக் குளங்கள் சேர்ந்தன. 1966இல் குளோரின் கலக்கத் தொடங்கினார்கள். அக்காலத்துச் சிறுநகரம் ஒன்றுக்கு இது கௌரவமான ஏற்பாடு.

1972இல் அமெரிக்கக் காங்கிரஸ் தூய நீர்ச் சட்டத்தை இயற்றியது. நாடு முழுவதும் நகராட்சிகள் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பை, அதாவது படியவைத்த பிறகும் நீரில் மிஞ்சும் கழிவை நுண்ணுயிர்களைக் கொண்டு நீக்குவதை, கட்டாயமாகச் செய்ய வேண்டும். கட்டுமானச் செலவில் 75 சதவீதத்தை மத்திய அரசு தரும். கலிபோர்னியா மாநிலம் மேலும் ஒரு பங்கைப் போட்டதால், எட்டில் ஒரு பங்கை மட்டும் உள்ளூர் ஏற்றால் போதும் என்ற நிலை. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மானியம் கட்டுவதற்குத்தான், ஓட்டுவதற்கு இல்லை. மின்கட்டணமும் பழுதுபார்ப்பும் ஊழியர் சம்பளமும் ஆண்டுதோறும் ஊர் மக்கள் தலையில் விழும். கட்டுமானத்துக்குப் பிறர் பணம் கிடைக்கும்போது பெரியதாகக் கட்டத் தோன்றுவது மனித இயல்பு. நம் ஊரிலும் ஒன்றிய, மாநில நிதியில் கட்டிய கழிவுநீரேற்று நிலையங்கள் மின்கட்டணத்துக்கு வழியில்லாமல் நகராட்சிகளைத் திணறடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

1974இல் மாநில நீர்வள வாரியம் மூடிய விரிகுடாக்கள், கழிமுகங்கள் பற்றி ஒரு கொள்கை ஆணை வெளியிட்டது. அலையும் நீரோட்டமும் குறைந்த குடாக்களில் கழிவு தேங்கிவிடும் என்பதால், அவற்றில் நகராட்சிக் கழிவுநீரை விடுவதைப் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்றது. கூடவே ஒரு விதிவிலக்கு: விடப்படும் நீர், அது விடப்படாமல் இருந்தால் இருக்கக்கூடிய நிலையைவிடக் குடாவின் நீரை மேம்படுத்தும் என்று நிரூபித்தால் தொடரலாம். கெடுக்கவில்லை என்று காட்டினால் போதாது. நன்மை செய்கிறது என்று காட்ட வேண்டும். அப்படி நிரூபிக்க எவராலும் முடியாது என்ற நம்பிக்கையில்தான் இந்த வாசகம் எழுதப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சட்டத்தையும் ஆணையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் விடை தானாக வந்து நின்றது: குடாவைச் சுற்றியுள்ள எல்லா ஊர்களின் சாக்கடையையும் ஒன்றுசேர்த்து, குடாவுக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் சமோவா மணல்திட்டில் ஒரே பெரிய நிலையம் கட்டி, சுத்திகரித்த நீரைப் பசிபிக்கில் விடுவது. இதற்காக ஹம்போல்ட் விரிகுடா கழிவுநீர் ஆணையம் உருவானது. சாக்கடையைச் சமோவாவுக்குக் கொண்டுபோகக் குடாவின் அடியில் குழாய் பதிக்க வேண்டும். நிலநடுக்கம் அடிக்கடி வரும் மண். குழாய் உடைந்தால் எந்தக் குடாவைக் காப்பாற்றத் திட்டம் போட்டார்களோ அதில்தான் அத்தனை சாக்கடையும் கலக்கும். மதிப்பீடும் சில ஆண்டுகளில் 5 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பெரிய குழாய் வந்தால் வழியெங்கும் மனைப்பிரிவுகள் முளைக்கும், விளைநிலம் போய்விடும் என்ற கவலை வேறு.

ஆர்கேட்டா மறுத்தது. மறுப்பது எளிது, நீ என்ன செய்யப்போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அந்தப் பதிலைத் தர நகரமன்றம் 1977இல் ஒரு பணிக்குழுவை அமைத்தது. பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியர் ராபர்ட் கியர்ஹார்ட், மீன்வளப் பேராசிரியர் ஜார்ஜ் ஆலன், நகராட்சியின் பொதுப்பணி இயக்குநர் ஃபிராங்க் கிளாப் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். மன்றத்துக்குள் அரசியல் வேலையை முன்னின்று செய்தவர் உறுப்பினர் டான் ஹௌசர்; பின்னாளில் மாநிலச் சட்டமன்றத்துக்கும் போனவர். இந்த நால்வரின் பெயர்களும் இன்று அந்தச் சதுப்பில் இருக்கின்றன. மூன்று சதுப்புகளுக்கு ஆலன், கியர்ஹார்ட், ஹௌசர் என்று பெயர். உவர்நீர் ஏரி ஒன்றுக்குக் கிளாப் பெயர். சாக்கடை நீருக்குத் தன் பெயரை வைக்கச் சம்மதிக்கும் அரசியல்வாதியை நம் பக்கம் கற்பனை செய்துபார்க்கலாம்.

சால்மன் குஞ்சுகளின் சாட்சியம்

ஆலன் ஏற்கெனவே ஒரு விசித்திரமான ஆய்வில் இருந்தார். ஆக்சிஜனேற்றக் குளத்தின் நீரையும் குடாவின் உப்புநீரையும் கலந்த குளங்களில் சால்மன் மீன்குஞ்சுகளை வளர்த்துவந்தார். சால்மன் வெகு நுட்பமான மீன். ஆக்சிஜன் சற்றுக் குறைந்தாலும், அம்மோனியா சற்றுக் கூடினாலும், குளோரின் ஒரு துளி மிஞ்சினாலும் செத்துவிடும். அது சாக்கடை கலந்த நீரில் வளர்கிறது என்பதைவிட வலுவான சாட்சியத்தை ஒரு நகராட்சி எங்கே தேடும்? கழிவில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உணவு, பாசி நுண்விலங்குகளுக்கு உணவு, நுண்விலங்குகள் குஞ்சுகளுக்கு உணவு. அப்புறப்படுத்த வேண்டிய பொருளை உரமாகப் பார்த்தார் ஆலன்.

இந்தியர்களுக்கு இதில் வியக்க அதிகம் இல்லை. கொல்கத்தாவின் கிழக்கே, நகரின் சாக்கடையைத் தேக்கி மீன் வளர்க்கும், ‘பேரி’ எனப்படும் குளங்களை மீனவர்களே பல தலைமுறைகளாக நடத்திவருகிறார்கள். சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஈரநிலம் 2002இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆர்கேட்டாவைவிடப் பல மடங்கு பெரியது, பழையது. கொல்கத்தா மீனவர்கள் அனுபவத்தால் அறிந்ததை ஆர்கேட்டா ஆய்வகத் தாளில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. மாநில வாரியத்துக்கு அந்தத் தாள்தான் வேண்டியிருந்தது.

தாளை நிரப்பியது கியர்ஹார்டின் சோதனை. 1979 முதல் 1982 வரை, ஒரே அளவில் அமைத்த நீளமான பாத்திகளில் குளத்து நீரை விட்டுப் பார்த்தார்கள். ஒன்றில் ஆழம் கூட, இன்னொன்றில் குறைய. ஒன்றில் நீர் வேகமாக, இன்னொன்றில் மெதுவாக. ஒன்றில் அடர்ந்த கோரை, இன்னொன்றில் திறந்த நீர்ப்பரப்பு. உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் பருவம் தவறாமல் அளந்தார்கள். சதுப்பு சுத்திகரிக்கும் என்று சொல்வதற்கும், இவ்வளவு பரப்பில் இவ்வளவு நீரை இத்தனை நாள் நிறுத்தினால் இவ்வளவு குறையும் என்று சொல்வதற்கும் நடுவே இருந்த இடைவெளி அந்த ஆண்டுகளில் நிரம்பியது. 1983இல் அனுமதி கிடைத்தது. 1986இல் முழு அமைப்பும் இயங்கத் தொடங்கியது. 1987இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உள்ளாட்சிப் புதுமை விருதும் ஒரு லட்சம் டாலரும் ஊருக்கு வந்தன.

கூட்டுத் திட்டம் கலைந்துபோனது. பக்கத்து யுரேகா நகரம் தனியாக ஒரு நிலையம் கட்டி வேறு தந்திரம் செய்தது: கடல் வற்றும் நேரத்தில் மட்டும் நீரைத் திறந்துவிட்டால் வற்றத்தோடு அது கடலுக்குப் போய்விடும், ஆகவே அது குடாவில் விடுவதாகாது என்று வாதிட்டு அனுமதி பெற்றது. ஒரே ஆணையை இரண்டு ஊர்கள் இரண்டு விதமாகக் கடந்தன.

உண்மையில் அழுக்கு எங்கே போகிறது

பாதாளச் சாக்கடையில் வரும் நீர் முதலில் கம்பிச் சல்லடையில் துணி, பிளாஸ்டிக் போன்றவற்றை விட்டுவிட்டு, மணலைத் தனியே இறக்கிவிட்டு, வட்டத் தொட்டிகளில் மெதுவாக நகர்கிறது. கனமானவை அடியில் படிகின்றன, எண்ணெய் மேலே மிதக்கிறது. படிந்த கசடு மூடிய தொட்டிகளில் காற்றின்றிச் செரிக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, மரத்தூளோடு மக்கி எருவாகிறது. இதுவரை எல்லாம் எந்த ஊர் நிலையத்திலும் நடப்பதுதான். பார்வையாளர்கள் அதிகம் விரும்பாத பகுதி, வாசனையும் இங்கேதான்.

வேறுபாடு இதற்கு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. வழக்கமான நிலையத்தில் நீரைப் பெரிய கான்கிரீட் தொட்டியில் விட்டுக் காற்றை அழுத்தி ஊதுவார்கள். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும் என்பதால் அந்தக் காற்று. ஒரு நிலையத்தின் மின்செலவில் ஏறத்தாழ பாதி இந்த ஊதலுக்கே போய்விடும். பதிலுக்கு, சில மணி நேரத்தில் வேலை முடியும். இடமும் குறைவாகப் போதும். ஆர்கேட்டாவில் அந்த ஆக்சிஜனைப் பாசி தருகிறது. ஆழமற்ற, அகன்ற குளங்களில் நீர் வாரக்கணக்கில் நிற்கிறது. பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜன் வெளியிடுகிறது. பாக்டீரியா அதைக்கொண்டு கழிவைச் சிதைத்துக் கார்பன் டை ஆக்சைடும் அம்மோனியாவும் வெளியிடுகிறது. அவற்றைப் பாசி எடுத்துக்கொள்கிறது. மாமியாரும் மருமகளும் ஒருவர் சமைப்பதை மற்றவர் சாப்பிட்டுச் சண்டையின்றி வாழும் அபூர்வமான வீடு இது. மின்சாரம் கேட்காது, இரைச்சல் இல்லை. கேட்பது நிலமும் நேரமும்.

சாக்கடையின் அழுக்கை அளக்கும் முதன்மையான எண் பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை; நீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு அது. வீட்டுக் கழிவுநீரில் அது லிட்டருக்குப் பொதுவாக 200, 300 மில்லிகிராம் அளவில் இருக்கும். அமெரிக்கச் சட்டத்தின்படி இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புக்குப் பிறகு மாதச் சராசரி 30ஐத் தாண்டக்கூடாது. மிதக்கும் திடப்பொருளுக்கும் அதே 30. இதில் பெரும்பங்கு இறக்கம் தொட்டிகளிலும் குளங்களிலும் முடிந்துவிடுகிறது. ஆனால் குளம் ஒரு சிக்கலையும் உருவாக்கித் தருகிறது. கழிவைத் தின்று வளர்ந்த பாசியே இப்போது நீரில் மிதக்கும் திடப்பொருள். பச்சைப் பசேலென்று இருக்கும் அந்த நீரை அப்படியே குடாவில் விட்டால் பாசி செத்து அழுகி மறுபடியும் ஆக்சிஜனை உறிஞ்சும். உலகெங்கும் ஆக்சிஜனேற்றக் குளம் வைத்திருக்கும் சிறு ஊர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இங்கேதான் கோரைக்கு வேலை வருகிறது. பழைய குளங்களின் ஒரு பகுதியை மாற்றி, அதில் தண்டுக் கோரையும் சம்பும் நட்டார்கள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த தண்டுகள் வெயிலை மறைக்கின்றன; வெளிச்சம் இல்லாமல் பாசி சாகிறது. தண்டுகளுக்கு இடையே நீர் அசைவற்று நிற்பதால் செத்த பாசி அடியில் படிகிறது. நீருக்குள் இருக்கும் தண்டுகளின் மேல் பாக்டீரியா ஏடாகப் படர்ந்து மிச்சத்தைத் தின்கிறது. அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால், அங்குள்ள வேறு வகைப் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிறது. செடி வேரால் அழுக்கை உறிஞ்சிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். செடி எடுத்துக்கொள்வது சொற்பம். அதுவும் இலை உதிர்ந்து அழுகும்போது திரும்பிவந்துவிடும். செடியின் உண்மையான பணி நிழல் கொடுப்பதும், நீரை நிறுத்துவதும், நுண்ணுயிர்க்கு ஒட்டிக்கொள்ள இடம் தருவதும்தான்.

இந்தச் சுத்திகரிப்புச் சதுப்பைத் தாண்டிக் கிருமிநீக்கம் முடிந்த பிறகே பறவை பார்க்கும் சதுப்புகள் வருகின்றன. ஆலன் சதுப்பு இருக்கும் இடம் முன்பு அறுவை ஆலையின் மரக்கட்டைக் கிடங்கு. கியர்ஹார்ட் சதுப்பு மேய்ச்சல் நிலம். ஹௌசர் சதுப்பு, குப்பைமேட்டை மூட மண் தோண்டியதால் உண்டான பள்ளம். குப்பைக்கிடங்கு 1970களில் மூடப்பட்டது. யாருக்கும் வேண்டாத நிலமாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். நீர் இங்கே வந்து சேரும்போது கணிசமாகத் தெளிந்துவிட்டது. மிச்சமிருக்கும் நைட்ரஜனும் நுண்துகளும் இன்னும் கொஞ்சம் குறைகின்றன. சுத்திகரிப்பின் பார்வையில் இது கடைசி மெருகு. ஆனால் வாரியம் கேட்ட மேம்பாட்டுக்கு இதுதான் சாட்சி: இழந்த சதுப்பு திரும்பிவந்தது, பறவை வந்தது, மக்கள் வந்தார்கள்.

கிருமிநீக்கத்தில் அவர்கள் தளர்ச்சி காட்ட முடியாததற்குக் காரணம் சிப்பி. குடாவின் இந்த வடபகுதியில்தான் கலிபோர்னியாவின் சிப்பிப் பண்ணைகளில் பெரும்பகுதி இருக்கிறது. சிப்பி நீரை வடிகட்டி உண்ணும் உயிர். நீரில் உள்ள கிருமி அதன் உடலில் தங்கிவிடும். அமெரிக்கர்கள் அதைப் பச்சையாகவே தின்பார்கள். ஆகவே மலக் கிருமிகளுக்கான வரம்பு கடுமையானது. குளோரின் போட்டால் கிருமி சாகும், மீனும் சாகும். எனவே விடுமுன் கந்தக டை ஆக்சைடு கலந்து குளோரினை முறித்துவந்தார்கள். அண்மை மேம்படுத்தலில் புற ஊதாக் கதிருக்கு மாறும் வேலை நடந்திருக்கிறது.

மேலே எழுதாத பக்கங்கள்

புகழ் வந்த இடத்தில் குறையைப் பேசுவது குறைந்துவிடும். பல ஆண்டுகளாக இந்த அமைப்பில் நீரோட்டப் பாதையே சிக்கலானது. சுத்திகரிப்புச் சதுப்பைத் தாண்டிய நீரின் ஒரு பகுதியை அழகுச் சதுப்புகளுக்கு ஏற்றி, அங்கிருந்து மறுபடியும் நிலையத்துக்குக் கொண்டுவந்து, அங்கு போகாத நீரோடு கலந்து, மறுபடி கிருமிநீக்கி, பிறகு குடாவில் விட்டார்கள். மெருகேறிய நீரை மெருகேறாத நீரோடு கலந்தால் மெருகுக்கு என்ன பொருள்? எல்லா நீரும் வரிசையாக ஒவ்வொரு கட்டத்தையும் கடந்து, சதுப்பு வழியாகவே வெளியேற வேண்டும் என்று பிற்கால உரிமங்கள் வற்புறுத்தின. விதிவிலக்கில் கிடைத்த அனுமதி ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிடுவது அன்று. உரிமம் புதுப்பிக்கும்போதெல்லாம் கேள்வி திரும்ப வரும்.

கசடும் சேர்ந்தது. குளமும் சதுப்பும் தாமாகவே நடக்கும் என்ற நினைப்பு பத்து ஆண்டு வரை செல்லுபடியாகும். படிந்த பாசியும் மடிந்த கோரையும் ஆண்டுக்காண்டு அடியில் ஏறும், ஆழம் குறையும், நீர் நிற்கும் காலம் குறையும், சில இடங்களில் நீர் குறுக்குவழி கண்டுபிடித்து ஒரே நாளில் ஓடிவிடும். தூர்வாராத ஏரிக்கு என்ன நேருமோ அதுவே இதற்கும். இயந்திர நிலையத்தில் மோட்டார் நின்றால் அன்றைக்கே தெரியும். இங்கே கெடுவது மெதுவாகக் கெடும், தெரியும்போது செலவு பெரிதாக இருக்கும்.

மழை இன்னொன்று. ஆர்கேட்டாவில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஏப்ரலுக்குள். வறண்ட காலத்தில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் காலன்களுக்கு மேல் என்ற கணக்கில் எளிதாகச் சமாளிக்கும் நிலையத்துக்கு, பெருமழையில் வரத்து பல மடங்காகிவிடும். ஊருக்கு அடியில் உள்ள பழைய குழாய்களின் விரிசல்களில் நிலத்தடி நீர் நுழைவதே காரணம். அதே நேரத்தில் குளிரும் மேகமூட்டமும் பாசியையும் பாக்டீரியாவையும் மந்தமாக்கும். வேலை கூடும்போது வேலைக்காரர் படுத்துவிடுகிறார். அம்மோனியா குறைய மறுப்பது இந்த மாதங்களில்தான்.

குளிரைப் பொறுத்தவரை நம் கடற்கரை ஊர்களுக்குச் சாதகம் உண்டு. ஆர்கேட்டாவில் கோடைப் பகலே பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே. நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ அதே குளம் வேகமாக வேலை செய்யும். குறைந்த பரப்பு போதும். ஆனால் கொசு? குளிர்ந்த கடற்காற்று வீசும் ஊருக்கும், டெங்கு ஆண்டுதோறும் வரும் ஊருக்கும் அடர்ந்த கோரைக்கு நடுவே தேங்கிய நீர் ஒன்றாகாது. நிலவிலையும் அப்படித்தான். கடற்கரை ஊர் ஒன்றில் சேர்ந்தாற்போல் 50 ஏக்கர் புறம்போக்கைச் சாக்கடைக் குளத்துக்கு ஒதுக்கச் சொல்லிப் பாருங்கள்.

இதைவிட முக்கியமாக, சதுப்பு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் என்ற வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, இருக்கிற சதுப்பில் கழிவுநீரை விடலாம் என்று புரிந்துகொள்ளும் ஆபத்து உண்டு. சென்னைப் பள்ளிக்கரணையில் நடந்தது அதன் வாழும் உதாரணம். அங்கே குப்பைக்கிடங்கும் இருக்கிறது, கழிவுநீரும் வருகிறது, பறவையும் வருகிறது. 2022இல் ராம்சார் தகுதியும் வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் ஆர்கேட்டாவின் அதே மூன்று பொருட்கள். ஆர்கேட்டா பாழான நிலத்தில் புதுச் சதுப்பை உண்டாக்கி, முன்கூட்டியே பாதிக்கு மேல் தெளிந்த நீரை அளந்து விட்டது. பள்ளிக்கரணையில் ஏற்கெனவே இருந்த சதுப்பின் மேல் குப்பையைக் கொட்டிக் கழிவுநீரை ஓடவிட்டோம். வரிசை தலைகீழ்.

தொழிற்சாலைக் கழிவு பற்றியும் ஒரு சொல். ஆர்கேட்டாவின் சாக்கடை பெரும்பாலும் குளியலறை, சமையலறை, கழிப்பறைச் சாக்கடை. சாயப்பட்டறையோ தோல்பதனிடும் தொழிற்சாலையோ அதில் கலப்பதில்லை. உப்பையும் குரோமியத்தையும் எந்தக் கோரையும் தின்னாது.

கடல் மேலேறுகிறது, கரை கீழிறங்குகிறது

இனி வரும் சிக்கலுக்குக் கோரையிடமும் பாசியிடமும் பதில் இல்லை. ஹம்போல்ட் விரிகுடாவின் வாயில் உள்ள, ஓதத்தை (கடல் நீரின் அன்றாட ஏற்ற இறக்கத்தை) அளக்கும் கருவி, கடல்மட்டம் ஆண்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் உயர்வதாகக் காட்டுகிறது. கலிபோர்னியாவிலேயே மிக அதிகமான வேகம் இது. காரணம் கடல் மட்டுமில்லை. கரைக்கு அப்பால் ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் சொருகிக்கொண்டிருக்கிறது. அந்த இழுப்பில் குடாவைச் சுற்றிய நிலம் மெல்லத் தாழ்கிறது. இதே காஸ்கேடியா பிளவில் 1700 ஜனவரியில் ஏற்பட்ட மாபெரும் நிலநடுக்கத்தின் சுனாமி ஜப்பான்வரை போய்ப் பதிவானது. அப்போது இந்தப் பக்கக் கரையோர நிலங்கள் பல ஒரேயடியாக அமிழ்ந்தன.

ஆக்சிஜனேற்றக் குளங்களும் சதுப்புகளும் இருப்பது அன்று குடாவிடமிருந்து மண்கரை போட்டுப் பறித்த நிலத்தில். அந்த மண்கரைகளுக்கு வெளியே ஓதம் தட்டிக்கொண்டிருக்கிறது. பெருவெள்ள ஓத நாட்களில் கரையின் உச்சிக்கும் நீருக்கும் இடைவெளி குறுகிவிடுகிறது. கரை உடைந்தால் குளத்தில் இருக்கும் வாரக்கணக்கான சாக்கடை சிப்பிப் பண்ணைகளின் மேல் போகும். கரைக்கு வெளியே உவர்ச் சதுப்பை வளர்த்து அலையின் வேகத்தைத் தணிக்கும் திட்டம் ஒன்றை நகராட்சி வைத்திருக்கிறது. கரையை உயர்த்தலாம் என்பது அடுத்த யோசனை. உயர்த்த உயர்த்த அடித்தளமும் அகல வேண்டும், அகலும் கரை சதுப்பைத் தின்னும். கடலோர ஆணையம் போன்ற அனுமதி தரும் அமைப்புகள், தாழ்ந்து கொண்டிருக்கும் இடத்தில் கோடிக்கணக்கில் முதலீடு செய்வதை எத்தனை ஆண்டுக் கணக்கில் நியாயப்படுத்துவீர்கள் என்று கேட்கின்றன. நியாயமான கேள்வி.

நகராட்சி இப்போதைக்குத் தேர்ந்திருப்பது இருக்கும் இடத்திலேயே புதுப்பிப்பது. பழைய தொட்டிகளையும் கதவுகளையும் மாற்றி, மின்சாதனங்களைத் தாழ்வான தரையிலிருந்து உயர்த்தி, இன்னும் சில பத்தாண்டுகளை வாங்கிக்கொள்வது. எனக்கு இது தப்பித்தலாகத் தோன்றவில்லை. 18,000 பேர் வாழும் ஊர் ஒரே தவணையில் கட்டக்கூடிய தொகைக்கும் எல்லை உண்டு. அதற்குப் பிறகு மேட்டுக்குத்தான் போக வேண்டும். மேட்டில் 50 ஏக்கர் சமதளம் கிடையாது. இருக்கிற மேட்டில் வீடும் கல்லூரியும் ரெட்வுட் மரக் காடும் இருக்கின்றன. ஆகவே அங்கே போவது குளமாக இருக்காது, காற்று ஊதும் கான்கிரீட் தொட்டியாகத்தான் இருக்கும். ஊரின் சாக்கடை சரிவில் தானாக இறங்கி வருவதற்குப் பதிலாக மோட்டார் வைத்து மேலேற்றப்படும். 1970களில் ஆர்கேட்டா எந்த மின்கட்டணத்துக்குப் பயந்து சமோவாத் திட்டத்தை மறுத்ததோ, அந்தக் கட்டணத்தை அதன் பேரப்பிள்ளைகள் கட்ட வேண்டிவரும். நடுவே அதைத் தள்ளிப்போட்டுச் சேமித்த ஆண்டுகள் 1986இலிருந்து இன்றுவரை ஏறத்தாழ 40.